குழந்தை பிறந்தது தமிழ்நாட்டில், அப்பா சிங்கப்பூர்க் குடிமகன்: என்னென்ன பத்திரங்கள் வேண்டும்?

உட்லண்ட்ஸ்_தம்பி எழுதியது:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். இதே வழியாகப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். எனக்கு வயது 33, உட்லண்ட்ஸில் இருக்கிறேன், பிங்க் ஐசி (குடிமக்களுக்கான அடையாள அட்டை), தேசிய சேவை (கட்டாயப் படைச் சேவை) முடித்துவிட்டேன், அதற்குப் பிந்திய ரிசர்விஸ்ட் பயிற்சி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. மனைவி இந்தியக் குடிமகள், இங்கே நீண்டகால வருகை அனுமதியில் என்னோடு இருந்தவர். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று மாமியார் உறுதியாகச் சொல்லிவிட்டார், மனைவிக்கும் அதுதான் ஆசை, அதனால் புதுக்கோட்டைக்கு அனுப்பிவைத்தோம். போன மாதம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

இப்போது என் கவலையெல்லாம் பத்திரம்தான். குழந்தை சிங்கப்பூர்க் குடிமகள் என்று காட்ட என்னென்ன வேண்டும்? என் பிங்க் ஐசி போதுமா? நண்பர் ஒருவர், இந்தியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எடுத்துக் கூட்டிக்கொண்டு வா, இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். இன்னொருவர், இந்தியக் கடப்பிதழை எடுத்தால் அதோடு சிங்கப்பூர்க் குடியுரிமை போச்சு என்று பயமுறுத்துகிறார். யாரை நம்புவது என்று தெரியவில்லை, ராத்திரித் தூக்கமும் சரியில்லை.

கையில் இருப்பவை: ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய திருமணப் பதிவுச் சான்றிதழ் (மனைவியின் அனுமதிக்காக அப்போதே எடுத்தது), குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இன்னும் ஏறவில்லை. என் பெயரை இனிஷியலோடு சுருக்கிப் போட்டிருக்கிறார்கள், ஐசியிலோ என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக இருக்கும். போதாக்குறைக்கு, குழந்தைக்கு உடனே ஆதார் எடுங்கள் என்று மாமனார் வேறு அவசரப்படுத்துகிறார். எதை முதலில் செய்யட்டும்?

ஈசூன்வாசி எழுதியது:

வாழ்த்துகள் ப்ரோ! கவலையே படாதீர்கள், ரொம்பச் சுலபம். என் பொண்ணு 2019-ல் சென்னையில் பிறந்தாள், என் மனைவியும் அப்போது இந்தியக் குடிமகள்தான். ஐசிஏ (குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம்) இணையப் பக்கத்தில் உங்கள் சிங்பாஸ் (அரசு இணையச் சேவைக் கணக்கு) வைத்து உள்ளே போய், வம்சாவளிக் குடியுரிமை என்ற விண்ணப்பத்தை நிரப்புங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், உங்கள் ஐசி, உங்கள் பிறப்புச் சான்றிதழ், மனைவியின் கடப்பிதழ், அவ்வளவுதான் கேட்டார்கள். அப்புறம் குடியுரிமைச் சான்றிதழ் கொடுத்தார்கள், அதை வைத்துச் சிங்கப்பூர்க் கடப்பிதழ் எடுத்தோம். பிறந்து ஒரு வருஷத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், அதை மட்டும் தவறவிடாதீர்கள். பிங்க் ஐசி இருக்கிற அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை சிங்கப்பூர்ப் பிள்ளைதான், யாரும் தடுக்க முடியாது.

தேக்கா_மாமா எழுதியது:

தம்பி, குழந்தை நல்லபடியாகப் பிறந்ததில் ரொம்ப சந்தோஷம். ஈசூன் தம்பி சொன்ன பட்டியல் சரிதான், ஆனால் அது உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் விண்ணப்பம் போடாதீர்கள். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நீங்கள் சிங்கப்பூரிலேயே பிறந்தவரா, இல்லை பிறகு குடியுரிமை வாங்கியவரா?

ஏன் கேட்கிறேன் என்றால், பிங்க் ஐசி நீங்கள் குடிமகன் என்று மட்டும்தான் சொல்லும். எப்படிக் குடிமகன் ஆனீர்கள் என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் விஷயத்தில் அந்த 'எப்படி' தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இங்கே பெரும்பாலானவர்கள் குடிமகன் ஆவது மூன்று வழியில்: பிறப்பு, வம்சாவளி (பெற்றோர் வழியாக வருவது), பதிவு (விண்ணப்பித்து வாங்குவது). மூன்று பேர் கையிலும் ஒரே பிங்க் அட்டைதான். ஆனால் அவர்கள் பிள்ளை வெளிநாட்டில் பிறந்தால் மூன்று பேருக்கும் சட்டம் வேறு வேறு மாதிரி பேசும். கோயிலுக்கு வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டு இருக்கிறேன், ஐசியைத் தவிர வேறு எதையும் பத்திரமாக வைக்காத குடும்பங்களைப் பார்க்கப் பார்க்க வருத்தமாக இருக்கும்.

சிங்கப்பூர் அரசியல் சட்டத்தின் 122ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அப்பாவோ அம்மாவோ சிங்கப்பூரில் பிறந்த குடிமகன் என்றால், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருஷத்துக்குள் பதிவு செய்துவிட்டால் போதும், வம்சாவளிக் குடியுரிமை உண்டு. ஈசூன் தம்பி இந்த ரகம் என்று நினைக்கிறேன், அதனால்தான் அவரிடம் பிறப்புச் சான்றிதழோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்பாவே வம்சாவளிக் குடிமகன் என்றால், பிள்ளை பிறப்பதற்கு முன் அவர் சிங்கப்பூரில் குறிப்பிட்ட காலம் வாழ்ந்திருக்க வேண்டும், அதையும் காட்ட வேண்டும். அப்பா பதிவு மூலம் குடிமகன் ஆனவர் என்றால் இன்னொரு நிபந்தனை இருக்கிறது, அதில்தான் நம் ஊர் ஆட்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் பதில் வந்ததும் அதைச் சொல்கிறேன், தேவையில்லாமல் இப்போதே பயமுறுத்த வேண்டாம்.

நெறியாளர்:

ஒரு சின்ன நினைவூட்டல். ஐசி, கடப்பிதழ், பிறப்புச் சான்றிதழ் இவற்றின் படங்களை யாரும் இங்கே பதிவேற்ற வேண்டாம். எண்ணை மறைத்துப் போட்டாலும் வேண்டாம், பெயரும் பிறந்த தேதியும் முகவரியும் வெளியே தெரிந்துவிடும். இந்த இழையில் போடப்பட்ட ஒரு படத்தை இப்போதுதான் நீக்கினேன். கேள்வியை எழுத்தில் கேளுங்கள்.

உட்லண்ட்ஸ்_தம்பி எழுதியது:

மாமா, நான் பிறந்தது பட்டுக்கோட்டையில். அப்பா முதலில் வேலைக்கு வந்து பிஆர் (நிரந்தரவாசி) ஆனார், நானும் அம்மாவும் பிறகு வந்து சேர்ந்தோம், ஆரம்பப் பள்ளியில் இருந்தே இங்கேதான் படித்தேன். உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது குடும்பமாகக் குடியுரிமை கிடைத்தது. அப்போது எனக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள் என்று அம்மா சொல்கிறார், அவர் அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இருக்கிறதாம். அப்படியென்றால் நான் அந்த மூன்றாவது ரகமா? இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் வாழ்ந்து, இரண்டு வருஷம் பச்சை ராணுவச் சட்டை போட்டு ஓடியவன், இதில் ஒரு வித்தியாசம் இருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

தேக்கா_மாமா எழுதியது:

ஆமாம் தம்பி, நீங்கள் பதிவு மூலம் குடிமகன். அதில் குறைவு ஒன்றுமே இல்லை, ஓட்டு, வீடு, தேசிய சேவை எதிலும் வித்தியாசம் கிடையாது. வெளிநாட்டில் பிள்ளை பிறக்கும்போதுதான் வித்தியாசம் தலைகாட்டும்.

அந்த நிபந்தனை இதுதான். பதிவு மூலம் குடிமகன் ஆனவரின் பிள்ளை வெளிநாட்டில் பிறந்து, அங்கே பிறந்த காரணத்தாலேயே அந்த நாட்டுக் குடியுரிமையும் அந்தப் பிள்ளைக்கு வந்துவிடும் என்றால், சிங்கப்பூர் வம்சாவளிக் குடியுரிமை கிடையாது. இப்போது இந்தியச் சட்டத்தைப் பாருங்கள். 1955ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டம், 3ஆம் பிரிவு. 2004 டிசம்பர் 3 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோர் இருவரும் இந்தியக் குடிமக்கள் என்றாலும், அல்லது ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்து மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இல்லாவிட்டாலும், பிறப்பிலேயே இந்தியக் குடியுரிமை உண்டு. உங்கள் மனைவி இந்தியக் குடிமகள். நீங்கள் முறையாகக் கடப்பிதழோடு போய்வருகிறவர். ஆகக் குழந்தை பிறந்த நிமிஷமே இந்தியக் குடிமகள் ஆகிவிட்டாள், நீங்கள் கடப்பிதழ் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதுதான் நிலை.

அதனால் அந்த நண்பர் சொன்னது போல, இந்தியக் கடப்பிதழ் எடுத்தால் குடியுரிமை போச்சு என்பது உங்கள் விஷயத்தில் சரியில்லை. கடப்பிதழ் எடுப்பதால் எதுவும் போகவில்லை. பாதை வேறு, அவ்வளவுதான். உங்களுக்கு உரிய பாதை சிங்கப்பூர் அரசியல் சட்டத்தின் 124ஆம் பிரிவு. குடிமகனின் பிள்ளை, 21 வயதுக்குக் கீழே, சிங்கப்பூரில் வசிக்கிறது என்றால், பெற்றோர் விண்ணப்பித்து அந்தப் பிள்ளையைக் குடிமகனாகப் பதிவு செய்யலாம். இரண்டு வித்தியாசங்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிள்ளை இங்கே வசிக்க வேண்டும், ஊரில் விட்டுவிட்டு விண்ணப்பிக்கிற விஷயம் இல்லை. இரண்டு, சட்டத்தில் இதற்கு 'அரசு பதிவு செய்யலாம்' என்றுதான் இருக்கிறது, செய்தே ஆக வேண்டும் என்று இல்லை. அதனால் பத்திரங்கள் ஒன்றோடொன்று பொருந்தி, கேள்விக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும்.

இதே குழந்தை கேகே மருத்துவமனையிலோ இங்கே வேறு எங்கேயோ பிறந்திருந்தால், அப்பா எந்த வழியில் குடிமகன் ஆனவராக இருந்தாலும் பிறப்பிலேயே சிங்கப்பூர்க் குடிமகள். மாமியாரையோ மனைவியையோ குறை சொல்ல இதை எழுதவில்லை, தாய்வீட்டில் பிரசவம் பார்க்கும் ஆசை யாருக்கும் இருக்கும். இந்த இழையைப் படிக்கிற மற்ற இளம் ஜோடிகளுக்காக எழுதுகிறேன்: டிக்கெட் போடுவதற்கு முன்னால் உங்கள் குடியுரிமைச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

ஈசூன்வாசி எழுதியது:

மாமா சொன்னது சரி, நான் ஈசூனிலேயே பிறந்து வளர்ந்தவன், அப்பா அம்மா இருவரும் குடிமக்கள். இப்படி ஒரு நிபந்தனை இருப்பது எனக்குத் தெரியாது. ஒரு சந்தேகம் மாமா, என் பொண்ணும் அப்படியென்றால் இந்தியக் குடிமகளும்தானே? அவளுக்கு நான் இந்தியக் கடப்பிதழ் எடுக்கவே இல்லை.

தேக்கா_மாமா எழுதியது:

பிறக்கும்போது இந்தியச் சட்டப்படி அவளும் இந்தியக் குடிமகள்தான் தம்பி. உங்கள் விஷயத்தில் அது வம்சாவளிக் குடியுரிமையைத் தடுக்காது, ஏனென்றால் நீங்கள் பிறப்பால் குடிமகன். ஆனால் ஒன்றைக் குறித்து வையுங்கள். வம்சாவளிக் குடிமக்கள் 21 வயது முடிந்த 12 மாதத்துக்குள் விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும், அரசு கேட்டால் வேறு நாட்டுக் குடியுரிமையையும் விட்டுவிட்டதாகக் காட்ட வேண்டும். எடுக்காமல் 22 ஆனால் குடியுரிமை தானாகவே போய்விடும். படிப்புக்காக வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் இதைத் தவறவிடும் ஆபத்து அதிகம். அவளுடைய குடியுரிமைச் சான்றிதழைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள், அந்த வயசில் அவளுக்கே சொல்லிக்கொடுங்கள்.

செங்காங்_அக்கா எழுதியது:

தம்பி, நானும் இந்தக் கதையில் இருக்கிறேன், ஆனால் வேறு பக்கத்தில். நான் சிங்கப்பூரில் பிறந்தவள், என் வீட்டுக்காரர் இந்தியர். எங்கள் மகன் 2003-ல் சென்னையில் பிறந்தான். அப்போது இருந்த சட்டப்படி வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பா வழியாகத்தான் வம்சாவளிக் குடியுரிமை வரும், அம்மா வழியாக வராது. 2004 மே 15 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குத்தான் அம்மாவும் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். என் மகன் அதற்கு முன்னால் பிறந்துவிட்டான். என் தம்பிக்கும் அதே வருஷம் வெளிநாட்டில்தான் குழந்தை பிறந்தது, அந்தக் குழந்தைக்குப் பதிவு செய்ததும் கிடைத்துவிட்டது, ஏனென்றால் குடிமகன் அப்பா. ஒரே வீட்டில் பிறந்த அக்கா தம்பி, ஒரே பிங்க் ஐசி, ஆனால் என் பிள்ளைக்கு இல்லை. அன்றைக்கு என் மனசு பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் கண் கலங்கும். கடைசியில் அவன் இங்கே வந்து பிஆர் ஆகி, தேசிய சேவை செய்து, பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பித்து வாங்கினான். பாதை நீளம், ஆனால் அது மூடின கதவு இல்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சரி, உங்கள் பத்திரங்களுக்கு வருவோம். பெயர் விஷயத்தை இப்போதே, மனைவி ஊரில் இருக்கும்போதே சரி செய்யுங்கள். அங்கே மருத்துவமனையில் படிவம் நிரப்பும்போது அம்மாவின் ஆதாரைப் பார்த்துத்தான் அப்பா பெயரை எழுதுவார்கள், ஆதாரில் கணவர் பெயர் இனிஷியலோடு இருந்தால் அதே போலவே பிறப்புச் சான்றிதழிலும் ஏறிவிடும். உங்கள் ஐசியில், கடப்பிதழில் எப்படி இருக்கிறதோ எழுத்து எழுத்தாக அதே மாதிரி மாற்றச் சொல்லுங்கள். பதிவாளர் அலுவலகத்தில் திருத்தம் செய்ய வழி இருக்கிறது, உங்கள் கடப்பிதழ் நகலும் திருமணச் சான்றிதழும் காட்ட வேண்டும். ஆங்கில எழுத்துகளில் ஒரு 'எச்' கூடுதலா குறைவா என்பதைக்கூடப் பாருங்கள். என் விஷயத்தில் என் அப்பா பெயரில் இருந்த ஒரே ஒரு எழுத்துக்காக வழக்கறிஞரிடம் போய் உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டி வந்தது.

குழந்தையின் பெயரையும் உடனே ஏற்றுங்கள். பிறந்து 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் இல்லாமலே சேர்ப்பார்கள், அதற்குப் பிறகும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம், ஆனால் கடப்பிதழ் எடுக்கப் பெயர் வேண்டுமே. பெயர் வைக்கும்போதே முழுப் பெயராக வையுங்கள், இனிஷியல் வேண்டாம். இந்தியக் கடப்பிதழில் இனிஷியலை விரித்துத்தான் எழுதச் சொல்வார்கள், அப்புறம் அது ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழ் ஒரு பெயர், இங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்று ஆகிவிடும்.

ஆதாரைப் பற்றி: மாமனாருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள், ஆதார் குடியுரிமைச் சான்று கிடையாது, ஆதார்ச் சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. உங்கள் வேலைக்கு அது எந்த விதத்திலும் உதவாது. பிறப்புச் சான்றிதழும் கடப்பிதழும்தான் முக்கியம்.

புக்கிட்பாத்தோக்_பிஆர் எழுதியது:

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நானும் மனைவியும் இருவரும் பிஆர், நீல ஐசி. மகன் இங்கேதான் பிறந்தான், சிங்கப்பூர்ப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. இங்கே பிறந்ததால் அவன் குடிமகன்தானே? பிறப்புச் சான்றிதழே சான்று என்று அலுவலக நண்பர் சொன்னார்.

தேக்கா_மாமா எழுதியது:

இல்லை தம்பி. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பிறக்கும்போது அப்பா அம்மாவில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 121ஆம் பிரிவு. உங்கள் மகனின் பிறப்புச் சான்றிதழை எடுத்து நிதானமாகப் படியுங்கள், பிறந்தபோது இந்தப் பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனா இல்லையா என்று அதிலேயே ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பெயரும் தேதியும் சரியா என்று பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். உங்கள் மகனுக்கு பிஆர் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள், பையன் என்பதால் தேசிய சேவைப் பொறுப்பும் சேர்ந்தே வரும், அதை யோசித்து முடிவு எடுங்கள்.

2022 மே 29 முதல் பிறப்புச் சான்றிதழ் மின்னிலக்க வடிவில்தான் வருகிறது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை என்றால் கோப்பைத் தரவிறக்கி இரண்டு மூன்று இடங்களில் சேமித்து வையுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்தால் கைப்பேசி போனால் தேட வேண்டியிருக்கும்.

செம்பவாங்_பெரியப்பா எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு 70 தாண்டிவிட்டது, கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் பிறந்தவன். உட்லண்ட்ஸ் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் குடியுரிமைச் சான்றிதழை அம்மா அலமாரியில் விட்டுவைக்காதீர்கள். அதை வாங்கி, உங்கள் பட்டுக்கோட்டைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். ஐசியைத் தொலைத்தால் புதுசு கொடுப்பார்கள். பழைய சான்றிதழைத் தொலைத்தால், இருந்தது என்று நிரூபிக்கவே இன்னும் பத்துப் பத்திரம் தேட வேண்டும்.

என் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். 1957-ல் இங்கே குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தளத்தில் வேலை செய்த நிறையப் பேர், ஊருக்குத்தானே திரும்பப் போகிறோம், எதற்கு இது என்று விட்டுவிட்டார்கள். அப்பா பதிந்துகொண்டார். 1966-ல் எல்லாரையும் மறுபடி பதிந்து புது அடையாள அட்டை கொடுத்தபோது அவருக்கு பிங்க் அட்டை, பக்கத்து வீட்டுக்காரருக்கு நீல அட்டை. பிரிட்டிஷ்காரர்கள் 1971-ல் படையை எடுத்துக்கொண்டு போனபோது தளத்து வேலையும் பல பேருக்குப் போய்விட்டது, குடியுரிமை இல்லாதவர்கள் பட்ட கஷ்டத்தை நான் கண்ணால் பார்த்தவன். அப்பா கடைசி வரை அந்தச் சான்றிதழை ஒரு தகரப் பெட்டியில் வேஷ்டிக்கு அடியில் வைத்திருந்தார். தாள் பழுத்துப்போய், மடித்த இடத்தில் கிழிந்து, ஓரத்தில் போட்டோ மேல் முத்திரை பாதி அழிந்துவிட்டது, ஆனால் எண் தெளிவாக இருக்கிறது. அந்த எண்தான் முக்கியம், பழைய பதிவைத் தேட அது உதவும். தயவு செய்து யாரும் இப்படிப்பட்ட பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் மை போய்விடும், பின்பக்க முத்திரையைப் பார்க்கவும் முடியாது. தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டால் போதும்.

இன்னொரு விஷயம். என் மகன் இந்தியாவின் ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சத்தினருக்குத் தருவது) விண்ணப்பித்தபோது அவன் தாத்தா இந்திய வம்சம் என்று காட்டச் சொன்னார்கள். 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது அந்தத் தேதியில் குடிமகன் ஆகத் தகுதி பெற்றிருந்தவர் என்றால் அவர் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை ஓசிஐ வாங்கலாம். அப்பாவின் பழைய இந்தியக் கடப்பிதழும் அதே தகரப் பெட்டியில் இருந்ததால்தான் அந்த வேலை நடந்தது. ஆகவே குடியுரிமை மாறிவிட்டது என்று பழைய நாட்டுத் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள், கடப்பிதழைத் தூதரகத்தில் ஒப்படைக்கும்போது எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்து வையுங்கள்.

உட்லண்ட்ஸ்_தம்பி எழுதியது:

எல்லாருக்கும் கோடி நன்றி. பெரியப்பா சொன்னதைப் படித்துவிட்டு நேற்றே அம்மா வீட்டுக்குப் போய்க் கோப்பை எடுத்து வந்தேன். சான்றிதழில் தெளிவாகப் பதிவு மூலம் என்றுதான் இருக்கிறது. மாமா சொன்ன பாதையிலேயே போகிறேன். கடைசியாக ஒன்று: குழந்தை இந்தியக் கடப்பிதழில் வந்தால் இங்கே எந்த அனுமதியில் இருப்பாள்? வந்த பிறகு எதை முதலில் செய்ய வேண்டும்?

தேக்கா_மாமா எழுதியது:

இந்தியக் கடப்பிதழுக்குச் சிங்கப்பூர் விசா தேவை, கைக்குழந்தைக்கும்தான். குடிமகனின் பிள்ளை என்பதால் நீங்களே ஆதரவாளராக நின்று நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், மனைவிக்குச் செய்தது போலவேதான். மனைவியின் அனுமதி எப்போது முடிகிறது என்பதையும் இப்போதே பாருங்கள், ஊரில் இருக்கும்போது காலாவதி ஆகிவிட்டால் இருவருக்கும் சேர்த்துப் புதுசாக ஓட வேண்டிவரும்.

என் யோசனை, முதல் வேலை புதுக்கோட்டையில்: பெயர் ஏற்றுவது, உங்கள் பெயரைத் திருத்துவது. திருத்திய பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் குழந்தைக்குக் கடப்பிதழ். அந்த வேலை நடக்கும்போதே நீங்கள் இங்கே ஐசிஏவுக்கு எழுதிக் கேளுங்கள். சுற்றி வளைக்காமல், நான் இந்த வருஷம் பதிவு மூலம் குடிமகன் ஆனவன், மனைவி இந்தியக் குடிமகள், குழந்தை இந்தத் தேதியில் இந்தியாவில் பிறந்தது, எந்த விண்ணப்பம் போட வேண்டும் என்று நாலு வரியில் கேளுங்கள். பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள், பிறகு எந்த முகப்பில் யார் எதைச் சொன்னாலும் அந்த எழுத்து உங்களிடம் இருக்கும். சென்னையில் சிங்கப்பூர்த் துணைத் தூதரகம் இருக்கிறது, மனைவிக்கு அங்கே ஏதாவது சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்கலாம்.

குழந்தை இங்கே வந்து அனுமதி கிடைத்ததும் குடியுரிமை விண்ணப்பம். அதற்குக் கோப்பில் இருக்க வேண்டியவை: குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், கடப்பிதழ், அனுமதி, உங்கள் ஐசி, குடியுரிமைச் சான்றிதழ், பட்டுக்கோட்டைப் பிறப்புச் சான்றிதழ், மனைவியின் கடப்பிதழ், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ். திருமணச் சான்றிதழை லேசாக நினைக்காதீர்கள், சட்டப்படியான திருமணத்தில் பிறக்காத பிள்ளைக்கு இந்தச் சட்டம் அப்பாவைக் கணக்கில் எடுக்காது, அம்மாவைத்தான் பார்க்கும். நீங்கள் ஏற்கெனவே பதிவு செய்திருப்பது பெரிய நிம்மதி. தமிழில் மட்டும் இருக்கிற தாள் எதுவாக இருந்தாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்த்துக் கொடுங்கள். குடியுரிமை கிடைத்த பிறகு இந்தியக் கடப்பிதழைக் கிரேஞ்ச் ரோடு தூதரகத்தின் வழியாக ஒப்படைத்து அதற்கான சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே இரட்டைக் குடியுரிமை கிடையாது, இந்தியாவிலும் கிடையாது.

செங்காங்_அக்கா எழுதியது:

தம்பி, திருமணச் சான்றிதழில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா? அதிலும் இனிஷியலாக இருந்தால், மனைவி ஊரில் இருக்கும்போதே அதையும் சேர்த்துத் திருத்திவிடுங்கள்.

உட்லண்ட்ஸ்_தம்பி எழுதியது:

பார்த்துவிட்டேன் அக்கா, அதில் முழுப் பெயர்தான் இருக்கிறது, ஐசியில் இருப்பது போலவே. அதன் நகலையும் என் கடப்பிதழ் நகலையும் மச்சானுக்கு அனுப்பிவிட்டேன், திங்கட்கிழமை பதிவாளர் அலுவலகம் போகிறார். குழந்தைக்கு எழிலரசி என்று பெயர் முடிவு செய்திருக்கிறோம், பின்னால் என் பெயர் முழுசாக.